கயிற்றுக்காரர் காதில் விழக் கூடாத நாமம்

மழைக்காலம் நெருங்கிவிட்டால் கடலூர் முதல் சிதம்பரம் வரை எங்களைத் தேடுவோர் பெருகிவிடுவர். தென்னை வீட்டின்மேல் சாய்கிறது, வேம்பின் கொம்பு மின்கம்பியில் உரசுகிறது, புயல் சின்னம் உருவாவதற்குள் வந்துவிடுங்கள் என்று கைப்பேசி ஓயாமல் ஒலிக்கும். எங்கள் வண்டியின் பக்கவாட்டில் 'மரப் பராமரிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறோம். ஆனாலும் அழைப்பவர்கள், "மரம் வெட்டுற ஐயாங்களா?" என்றே தொடங்குவார்கள். வெட்டுவது எங்கள் தொழிலின் கடைசி வழி. நோயுற்ற கொம்பைக் களைவதும், ஒருபுறம் பாரம் மிகுந்த மரத்தைக் கவாத்துச் செய்து சமன்படுத்துவதும், கிளை பிரியுமிடத்தில் பிளக்கத் தொடங்கிய கவையை இரும்பு வடத்தால் பிணைத்துக் காப்பதுமே எங்கள் அன்றாடம்.

தொழிலை நடத்துபவன் நான் என்றாலும், அறுபதைக் கடந்த இந்த உடம்பு இப்போது மரம் ஏறுவதில்லை. ஏறுபவன் என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி. கீழே நின்று கயிறு பிடிப்பவர் கிள்ளையைச் சேர்ந்தவர். கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்து, கடலைவிட மரம் மேல் என்று எங்களோடு சேர்ந்துகொண்டவர். வெட்டிய தழையை இழுத்துப் போட அந்தந்த ஊரிலேயே ஆள் வைத்துக்கொள்வோம். மூவரில் என் பங்கு என்னவென்று யாரேனும் கேட்டால், அண்ணாந்து பார்த்து அஞ்சுவது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அச்சம் என் வீட்டிலேயே தொடங்கும். தாயை இளமையிலேயே இழந்த தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் என் மனைவி. அதிகாலையில் நான் பதிகம் ஓதி முடித்துத் திருநீறு அணிந்துகொண்டு வெளியே வரும்போது, வாசலில் நிற்பாள்.

"இன்னிக்கு என்னா மரம்?"

"சின்ன மரம்தான்."

"நீங்க சொல்ற சின்ன மரம்லாம் எனக்குத் தெரியும். போன வாரம் சொன்ன சின்ன மரத்துக்குக் கோபுரம் தோத்துப்போவும்."

அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காத கேள்வியை நான் வண்டியில் சுமந்துகொண்டு போவேன்.

எங்கள் வேலையில் மிகவும் அஞ்சத்தக்கது, வீட்டின்மேலோ கம்பியின்மேலோ நீண்டிருக்கும் பெருங்கொம்பை இறக்குவது. அதை அப்படியே அறுத்துத் தள்ள முடியாது. மேலே ஒரு கப்பியைக் கட்டி, அதன் வழியாகத் தடித்த கயிற்றை ஓட்டி, ஒரு முனையைக் கொம்பில் பிணைப்பான் மச்சான். மறுமுனை கீழே வந்து அடிமரத்தை இருமுறை சுற்றிக் கயிற்றுக்காரர் கைக்குப் போகும். மச்சான் அறுத்ததும் கொம்பு விழாமல் கயிற்றில் தொங்கும். அவன் தன்னை விலக்கிக்கொண்டு, கொம்பைக் காலால் உந்தி வெற்றிடத்தின் பக்கம் திருப்பிய பிறகு, ஒரு சொல் சொல்வான். அந்தச் சொல் கேட்டதும் கயிற்றுக்காரர் பிடியைத் தளர்த்துவார், கொம்பு இறங்கும். அந்தச் சொல் ஒரு நொடி முந்தினால், இறங்கும் கொம்பு அவனையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

தொடக்கத்தில் அந்தச் சொல் 'விடு' என்பதாகவே இருந்தது. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு வாகைமரத்து வேலையின்போது, மச்சான் மேலிருந்து 'விடாதே' என்று கத்தினான். கயிற்றுக்காரர் விட்டுவிட்டார். நல்லவேளையாக ஒரு சுற்றுச்சுவர் மட்டும் உடைந்தது. மாலை தேநீர்க் கடையில் வழக்கு நடந்தது.

"வுடுன்னா வுடு. வுடாதன்னா வுடாத. இதுல என்னாப்பா கஷ்டம் உனக்கு?" என்றான் மச்சான்.

"அண்ணே, நீ அவ்ளோ ஒசரத்துல நின்னு 'வுடாத'ன்ற. காத்து வாலக் கடிச்சிக்கிட்டுத் தலைய மட்டும் எங்கிட்ட குடுக்குது. கேக்கறதுன்னா காத்தப் போயி கேளு."

"அப்ப 'புடி'ன்னு சொல்றேன்."

"வுடு, புடி... ரெண்டும் கீழ வந்தா ஒண்ணுதாண்ணே."

பிறகு ஊதலை முயன்றோம். அதை நம்பிப் பள்ளிக்கூட வளாகமொன்றில் வேலைக்குப் போக, விளையாட்டு ஆசிரியர் தம் பிள்ளைகளுக்கு ஊதிய ஊதலில் எங்கள் கொம்பு இறங்கத் தொடங்கிவிட்டது. அன்றோடு ஊதலும் போயிற்று. கடலில் வலை இழுக்கும் 'ஐலசா'வைப் பற்றிக் கேட்டேன். கயிற்றுக்காரர் தலையை ஆட்டினார். "அது இழுக்கறதுக்கு ஐயா. அதக் கேட்டா எங்க ஆளுங்களுக்குக் கை தானா இறுகும்." வேண்டுமானால் அண்ணன் தம் பெண்டாட்டி பெயரைச் சொல்லட்டும் என்றார். "அவ பேரக் கேட்டா நீ கயித்த வுட்டுட்டு ஓடியே போயிடுவ" என்று மச்சான் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாமா எந்நேரமும் சொல்றாரே, 'சிவ சிவா'ன்னு. அதையே வெச்சுக்கலாம். பாசத்த வுடத்தான் அந்தப் பேருன்னு மாமாதான் சொல்லுவாரு. பாசம்னா கயிறுதானே மாமா?"

கேலியாகத்தான் சொன்னான். எனக்கோ அது கேலியாகப் படவில்லை. உயிரைப் பிணித்திருக்கும் கட்டுக்கும் கயிற்றுக்கும் அன்புக்கும் நம் மொழியில் அந்த ஒரே சொல்தான். அந்தக் கட்டு அவிழ்வதற்கே அந்த நாமம் என்பது நான் நாள்தோறும் ஓதும் பாடல்களின் சாரம். தொழில் நோக்கிலும் குறை காண முடியவில்லை. இரண்டாம் சொல் நெடிலில் முடிவதால் எவ்வளவு உயரத்திலிருந்தும் இறங்கி வரும். காற்றுக் கடித்துக்கொள்ள அதில் வால் இல்லை. அதுவே எங்கள் சொல்லாயிற்று.

அதற்கான விலையை மறுநாள்தான் உணர்ந்தேன். அஞ்சும்போதெல்லாம் என் நாவில் தானாக எழும் நாமம் அது. மரத்தடியிலோ எனக்கு அச்சத்தைத் தவிர வேறு வேலை இல்லை. கொம்பு முனகும்போதும், மச்சானின் கால் வழுக்கும்போதும், நாவை அண்ணத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பேன். வண்டியிலிருந்து கயிறு இறங்கியது முதல் மீண்டும் ஏறும்வரை, என் இறைவன் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மனத்துக்குள் சொல்லலாமே என்று தேற்றிக்கொள்வேன். ஆனால் அஞ்சும் மனத்தில் சொல்லப்படுவது எந்தக் கணத்தில் வாய்க்கு வரும் என்று யார் அறிவார்? ஆகவே மனத்திலும் சொல்லாமல் பழகினேன்.

கயிற்றுக்காரருக்கோ அந்தச் சொல் கையோடு ஊறிவிட்டது. ஒருமுறை, யார் சொன்னது என்று யோசித்துவிட்டு விடக் கூடாதா என்று கேட்டேன்.

"காது கேக்குது, கை வுடுது. நடுவுல நான் இல்ல ஐயா" என்றார். யோசித்தால் கொம்பு மச்சான் பக்கமே திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான்.

சென்ற ஐப்பசியில் சிதம்பரத்தில் ஒரு வேலை வந்தது. தேரோடும் வீதியிலிருந்து பிரியும் ஒரு தெரு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் பெரியதொரு தூங்குமூஞ்சி மரம். அதன் கொம்பொன்று வேலி தாண்டி, அண்டையில் தையற்காரர் ஒருவரின் ஓட்டு வீட்டுக் கூரைமேல் படுத்தாற்போல் நீண்டிருந்தது. கவையில் காளான் பூத்திருந்தது. மரச்சுத்தியலால் தட்டினேன், உள்ளே வெற்றிடம் என்று ஒலி சொன்னது. வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவாகியிருந்தது. இரண்டொரு நாளில் மழை வலுக்கும் என்றார்கள். கொம்பு இறங்காமல் காற்று வந்தால், அது தையற்காரர் குடும்பத்தின்மேல்தான் இறங்கும். ஆறப்போட வழியில்லை. ஆனால் காற்று அன்றைக்கே எழத் தொடங்கியிருந்தது.

வழக்கம்போல் வீட்டுக்காரரிடம் எங்கள் விதியைச் சொன்னேன்.

அவர் என் நெற்றியைப் பார்த்தார். "இவ்ளோ பட்டையா பூசிக்கிட்டு, அதுவும் சிதம்பரத்துல வந்து, 'சிவா'ன்னு சொல்லாதன்றீங்களே. நல்லா இருக்குங்களா இது?"

"கொம்பு எறங்குற வரைக்கும்தாங்க. அப்பறம் எவ்ளோ வேணும்னாலும் சொல்லலாம்."

"எனக்கு எழுந்தா உக்காந்தா அதுதாங்க வரும். சரி, வாயில வெத்தலயப் போட்டுக்கறேன். வாய் ரொம்பி இருந்தா எதுவும் வராது."

தையற்காரர் வீட்டாரை வெளியேறச் சொல்லிவிட்டு, எதிர்வீட்டிலும், தெருமுனையில் பூக்கட்டும் அம்மாளிடமும்கூட வேண்டிக்கொண்டேன். அந்த அம்மாள் மட்டும், "அப்ப முருகான்னு சொல்லலாமா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். தெருவில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேனே தவிர, தெருவுக்குள் யாரெல்லாம் வரக்கூடும் என்று நினைக்கவில்லை.

முற்பகலில் மச்சான் ஏறினான். கயிறு கட்டினான். இடுப்பு வாரை அடிமரத்தைச் சுற்றி மாட்டிக்கொண்டு, இயந்திர வாளால் அறுத்தான். கொம்பு பிரிந்து கயிற்றில் தொங்கியது. அதுவரை எல்லாம் முறைப்படி நடந்தது. அப்போது கடலின் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தொங்கிய கொம்பு மெதுவாகத் திரும்பி, தன் வெட்டுவாயை அடிமரத்தின்மேல் கொண்டுபோய் அழுத்தி நின்றது. இரண்டுக்கும் நடுவே மச்சானின் இடுப்பு வார் நசுங்கிப் பிடிபட்டது.

"மாமா! வாரு மாட்டிக்கிச்சு! கயித்த இறுக்கிப் புடிக்கச் சொல்லுங்க!"

கயிற்றுக்காரர் கேட்டுவிட்டார், காலை அடிமரத்தில் ஊன்றி இறுக்கினார். இப்போது கயிறு நழுவினால் கொம்பு தனியாகப் போகாது. வாரையும், வாரில் கட்டுண்டவனையும் சேர்த்தே கொண்டுபோகும். மேலே இன்னொரு கிளையில் மாற்று வாரை மாட்டிக்கொண்டு, பிடிபட்ட வாரை அறுத்துவிட்டால் தப்பலாம். மச்சான் அதைத்தான் செய்யத் தொடங்கினான். ஆனால் மாற்று வாரின் கொக்கி கைக்கெட்டாமல் முதுகுப்பக்கம் இருந்தது. அவன் துழாவுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்நேரத்தில்தான் தெருமுனையில் சங்கொலி கேட்டது.

முதலில் ஏதோ கோயில் ஒலி என்றெண்ணினேன். அடுத்துத் தாளம் கேட்டது. பிறகு ஒருவர் முன்னே சொல்ல, பலர் பின்னே வாங்கிச் சொல்லும் குரல்கள். கீரப்பாளையம் பக்கமிருந்து நடைப்பயணமாக வந்த அடியார் கூட்டம், எங்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. அவர்கள் சொல்லிவந்தது 'சிவ சிவா' என்பது செவிக்குத் தெளிந்தது. வேறொரு நாளாயின் தலைமேல் கைகுவித்து ஓரமாக நின்றிருப்பேன்.

ஓடிப்போய்க் கூட்டத்தை நிறுத்துவதா, கயிற்றுக்காரரை எச்சரிப்பதா? எச்சரித்துப் பயனில்லை. 'நடுவுல நான் இல்ல' என்று சொன்னவர் அவர். எண்ணிப் பார்க்காமலே ஓடினேன். அவர் பின்னால் போய் நின்று, என் இரு உள்ளங்கைகளாலும் அவருடைய காதுகளைப் பொத்தினேன்.

"ஐயா! என்னா பண்றீங்க? வுடுங்க, கூசுது!"

கயிற்றைப் பிடித்திருந்ததால் என் கைகளைத் தட்டிவிட அவருக்கு வழியில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்தார். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன். அவருடைய காதுமடல்கள் என் கைக்குள் சுட்டன.

பின்கட்டை ஒட்டி வளையும் தெருவில், கூட்டம் வேலிக்கு அப்பால் வந்துவிட்டது. முன்னே வந்தவர் எங்களைக் கண்டு நின்றார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய கிழவன் ஒருவன், இறைநாமம் ஒலிக்கும்போது இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். மரத்தின் மேலே என்ன நடக்கிறது என்று அவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதப் பாருங்கடா! சாமி பேரு காதுல வுழுந்துடப் போவுதாம்!"

"கயித்துல கட்டிப்போட்டுக் காத வேற அடைக்கிறான் பாரு பெரிசு."

"அந்தக் காதுலயும் வுழட்டும். சத்தமா சொல்லுங்கப்பா!"

அவர்கள் நகரவில்லை. எங்கள் கயிற்றுக்காரர் கடைத்தேற வேண்டுமே என்ற கருணையாலோ, என்னை நாணச் செய்யும் எண்ணத்தாலோ, அங்கேயே நின்று உரத்துச் சொல்லத் தொடங்கினார்கள். சங்கை வேலியின்மேல் நீட்டி ஊதினார் ஒருவர். "மேல ஆள் இருக்குது, நிறுத்துங்க" என்று நான் கத்தியதைத் தாளம் விழுங்கிவிட்டது. கையை எடுத்து மேலே சுட்டிக் காட்டினால் காது திறந்துவிடும். வாழ்நாளெல்லாம் கட்டு அறவேண்டும் என்று வேண்டியவன், அன்று அந்த ஒரு கட்டு அறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினேன். வேண்டியதும் பெயர் சொல்லாமல். அடிமரத்தைச் சுற்றிய கயிறு ஒரு விரற்கடை நழுவுவதுபோல் இருந்தது. நழுவியதா, என் கண் நடுங்கியதா என்று இன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்காரர் வெளியே ஓடிவந்தார். வாய் நிறைய வெற்றிலை. இரு கைகளாலும் மரத்தைக் காட்டி 'ம்ம், ம்ம்' என்றார். அவரும் ஆவேசம் வந்து ஆடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உற்சாகம் கொண்டது. கடைசியில் வேலியோரமாகத் துப்பிவிட்டு, "யோவ், நிறுத்துங்கய்யா! மேல பாருங்கய்யா!" என்று அலறினார்.

பார்த்தார்கள். தாளம் நின்றது. சங்கும் நின்றது. முன்னே நின்றவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

மேலே மச்சானின் மாற்று வார் உயர்ந்த கிளையில் மாட்டப்பட்டிருந்தது. பிடிபட்ட வாரைக் கைவாளால் அறுத்துக்கொண்டிருந்தான். அது அறுந்து தொங்கியதைக் கண்டேன். அவன் மரத்தின் மறுபுறம் நகர்ந்து, காலால் கொம்பை உந்தினான். அது வெற்றிடத்தின் பக்கம் திரும்பியது. அதைக் கண்டதும் என் கைகள் கயிற்றுக்காரர் காதுகளிலிருந்து தாமாக இறங்கின.

"சிவ சிவா."

சொன்னது நான். அஞ்சிய காலமெல்லாம் அடக்கி வைத்த சொல், அச்சம் நீங்கிய கணத்தில் அடங்கவில்லை. அவர் காதருகே என் வாய் இருந்தது. அவருடைய கைகள் தளர்ந்தன. கயிறு சீறிக்கொண்டு ஓடியது. கொம்பு தையற்காரர் வீட்டு ஓட்டில் ஒரு வரிசையை நொறுக்கிக்கொண்டு பின்கட்டில் இறங்கியது. தழை வாசனையும் புழுதியும் எழுந்தன. அடியார்கள் அடக்க மாட்டாமல் ஒரே குரலில் அந்த நாமத்தைச் சொன்னார்கள்.

மச்சான் உடனே இறங்கவில்லை. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, பட்டையில் நெற்றியை வைத்தபடி இருந்தான். பிறகு மெல்ல இறங்கினான். கால் தரையில் பட்டதும், கயிற்றுக்காரரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, நான் இன்னும் சொல்லலியே."

"நீ வெலகிட்ட. நான் பாத்தேன்."

"வெலகிட்டேன். ஆனா வாள கொம்புலதான் செருகி வெச்சிருந்தேன். எடுக்கக் கைய நீட்டுனேன். நீட்டுன கை சும்மா நிக்குது, கொம்பக் காணோம்."

அவனுடைய கைவாள் கீழே தழைக்குள் கிடந்தது. கயிற்றுக்காரர் அதைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டே, "என் மேல தப்பு இல்லண்ணே. காதுல சொன்னாங்க, கை வுட்டுச்சு" என்றார். மச்சான் வாளை வாங்கி உறையில் செருகிக்கொண்டான்.

அடியார் கூட்டத்தின் தலைவர் வேலியோரம் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நாமம் சொன்னதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நிற்கவும் எனக்குக் கூசியது. திருநீற்றுப் பையை நீட்டினார். எடுத்துப் பூசிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில், வேறு சொல் பார்த்துவிடலாம் என்று நானே பேச்செடுத்தேன்.

"வேற சொல்ல என் கைக்குக் கத்துக் குடுக்க எத்தினி வருசம் ஆவும்? அதுவரைக்கும் யாரு மேல ஏறுறது?" என்றார் கயிற்றுக்காரர். "சொல்லு நல்ல சொல்லுதான் ஐயா."

ஆலப்பாக்கம் தாண்டியபின், மச்சான் என் முகத்தைப் பாராமலே சொன்னான். "மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. இனிமே நீங்க மரத்தடியில நிக்க வேணாம். நீங்க பயப்படறது மேல வரைக்கும் தெரியுது. தெருமுனையில நின்னு, வர ஆளுங்கள மட்டும் பாத்துக்குங்க. அது போதும்."

அன்றிலிருந்து என் இடம் தெருமுனை. மரத்தைப் பரிசோதித்து, எந்தக் கொம்பை எங்கே அறுப்பது என்று மச்சானோடு பேசி முடித்ததும், நடந்துபோய் அங்கே நின்றுகொள்வேன். முதுகை மரத்துக்குக் காட்டித்தான் நிற்க வேண்டும். வருபவர்களைப் பார்க்க வேண்டுமே. சவ ஊர்வலம் வந்தால், காவடி வந்தால், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தால், கைகூப்பி நிறுத்தி வைப்பேன். சிலர் ஏசுவார்கள். பெரும்பாலோர் நிற்பார்கள்.

அங்கே நான் நாமம் சொன்னால் கயிற்றுக்காரர் காதில் விழாது. அவ்வளவு தொலைவு. தடை இல்லை என்பதை முதல் நாளே உணர்ந்தேன். ஆயினும் சொல்வதில்லை. பின்னால் இயந்திர வாளின் ஓசை நிற்கும். ஓர் அமைதி வரும். பிறகு கொம்பு தரையில் மோதும் ஓசை வரும். அது கொம்பின் ஓசைதானா என்று முதுகுக்குத் தெரியாது. "மாமா" என்று அவன் கூப்பிடும்வரை, என் குரல்கூட என் செவியை மறைத்துவிடுமோ என்று, வாயை மூடிக்கொண்டு கேட்டபடியே நிற்கிறேன்.